நட்சத்திரங்கள் இடம் மாறின, யாரும் கவலைப்பட வேண்டாம்

1919 நவம்பர் 10-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் பிரித்தவர்கள் ஒரு தலைப்பைப் பார்த்தார்கள். தமிழில் சொன்னால் ‘வானத்து விளக்கெல்லாம் கோணல்மாணல்’ என்று வரும். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு தலைப்புக்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே மற்றொன்று என்று அடுக்கியிருந்தார்கள். கிரகணத்தில் கிடைத்த முடிவைப் பார்த்து விஞ்ஞானிகள் ஏறக்குறைய வாயைப் பிளந்து நிற்கிறார்கள் என்றது ஒரு வரி. ஐன்ஸ்டைன் கொள்கைக்கு வெற்றி என்றது அடுத்தது. அதற்கும் கீழே, பழைய பத்திரிகைத் தலைப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி: நட்சத்திரங்கள் தெரிந்த இடத்திலும் இல்லை, கணக்குப் போட்ட இடத்திலும் இல்லை, ஆனாலும் யாரும் கவலைப்பட வேண்டாம்.

யாரும் கவலைப்பட வேண்டாம் என்று படித்த பிறகுதானே கவலையே தொடங்கும்? அதுவரை காபி குடித்துக்கொண்டிருந்த மனிதர் எழுந்து ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். காலை நேரம், நட்சத்திரம் ஒன்றும் தெரியாது. கவலை இன்னும் கூடியிருக்கும்.

நடந்தது இதுதான். அந்த ஆண்டு மே 29-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். சூரியனுக்கு அருகே தெரியும் நட்சத்திரங்களைக் கிரகண இருட்டில் படம் எடுக்க இரண்டு ஆங்கிலேயக் குழுக்கள் போயின. வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பிரின்சிபே தீவுக்குப் போனார். மற்றொரு குழு பிரேசிலில் உள்ள சோப்ராலுக்குப் போனது. சூரியனின் ஈர்ப்பு நட்சத்திர ஒளியை வளைக்கிறதா, வளைத்தால் எவ்வளவு என்பது கேள்வி. நியூட்டன் வழியில் கணக்குப் போட்டால் ஒரு விடை வரும். ஐன்ஸ்டைன் வழியில் போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 1.75 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை). இரண்டரை சென்டிமீட்டர் நாணயம் ஒன்றை மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவுதான் இந்த 1.75 விகலை. நட்சத்திரங்கள் ‘கோணல்’ ஆனது அவ்வளவே. அதுவும் அவை நகரவில்லை. அவற்றின் ஒளி வரும் வழிதான் வளைந்தது.

நவம்பர் 6-ஆம் தேதி லண்டனில் முடிவை அறிவித்தார்கள். மறுநாள் லண்டன் டைம்ஸ் ‘அறிவியலில் புரட்சி’ என்று தலைப்புப் போட்டு, நியூட்டன் கருத்துகள் கவிழ்ந்தன என்று கீழே சேர்த்தது. நியூயார்க் டைம்ஸுக்காக லண்டனிலிருந்து இதை எழுதியவர் ஹென்றி குரவுச். அவருடைய துறை கோல்ஃப் விளையாட்டு. பிரபஞ்சத்தைப் பற்றிய நூற்றாண்டின் பெரிய செய்தி கோல்ஃப் நிருபர் கைக்கு வந்து சேர்ந்தது. ஐன்ஸ்டைன் புத்தகத்தைப் புரிந்துகொள்ள உலகத்திலேயே 12 அறிவாளிகள்தான் இருக்கிறார்கள் என்ற வரியும் அதே தலைப்பு அடுக்கில்தான் இருந்தது. ஐன்ஸ்டைன் என்றால் யாருக்கும் புரியாதவர் என்ற பெயர் பரவியதில் அந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

தலைப்பில் சொன்னபடியே நட்சத்திரங்கள் இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். நியூயார்க்கை விடுங்கள், நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர் பாடு என்ன? ரோகிணி நகர்ந்து மிருகசீரிடம் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த கல்யாணங்களை என்ன செய்வது? அச்சகத்தில் அடுக்கி வைத்த அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்கு. பத்திரிகை எழுதியவருக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. படிக்கிறவருக்குத் தோன்றும். தலைப்பை எழுதுகிறவர் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். மிச்சக் கதையைப் படிக்கிறவர் தன் வீட்டுச் சாமான்களை வைத்து எழுதிக்கொள்கிறார். பழைய தலைப்புகளைத் தேடித் தேடிப் படிப்பதில் எனக்கு இருக்கும் ஆசைக்குக் காரணம் இந்த இரண்டாவது கதைதான்.

தலைப்பு ஏன் இப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்தியில் நாற்பது வரி இருக்கும். தலைப்புக்கு இடம் நாலைந்து சொல். பக்கம் முடிக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, கீழே மெஷின் காத்திருக்கிறது. உதவி ஆசிரியர் எதை வெட்டுவார்? பெயரை வெட்ட முடியாது, நடந்ததை வெட்ட முடியாது. ‘என்று கருதப்படுகிறது’, ‘வாய்ப்பு இருப்பதாகத் தெரிகிறது’, ‘என்கிறார் ஒருவர்’ இவைதான் வெட்டுப்படும். இடத்தைத் தின்பவை அவைதான். ஆனால் செய்தியில் இருக்கும் சந்தேகம் முழுவதும் அந்த வால்களில்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு ஓர் அருமையான வசதி உண்டு. ‘மழை வரும்’ என்றால் நானே சொல்கிறேன். ‘மழை வருமாம்’ என்றால் யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன், வந்தால் பார்ப்போம் என்று பொருள். இவ்வளவையும் ‘ஆம்’ என்ற சின்ன ஒட்டு ஒன்றே சுமந்துவிடுகிறது. மற்ற மொழிக்காரர்கள் ஒரு வாக்கியம் செலவழித்துச் சொல்வதை நாம் ஒரு மூச்சில் சொல்கிறோம். ஆனால் அச்சில் ‘வருமாம்’ என்று போட்டால் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று வெட்டிவிடுவார்கள். தலைப்பு ‘வரும்’ என்று வந்துவிடும்.

அந்த ‘ஆம்’ விழுந்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு 1910-ஐவிட நல்ல ஆண்டு கிடையாது. ஹாலி வால்நட்சத்திரம் வந்த ஆண்டு. பிப்ரவரியில் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்தில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது சயனோஜன் என்ற விஷ வாயு இருப்பது தெரிந்தது. மே மாதம் பூமி அந்த வாலுக்குள் நுழைந்து வெளியே வரும் என்பது கணக்கு. இந்த வாயு காற்றில் கலந்து உயிர்களை எல்லாம் அழித்துவிடவும் கூடும் என்பது பிரெஞ்சு வானியலாளர் கமில் ஃபிளமாரியனின் கருத்து என்று செய்தி வந்தது. நியூயார்க் டைம்ஸ் வைத்த தலைப்பு: ‘வால்நட்சத்திரத்தின் விஷ வால்’. மற்ற வானியலாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை, வால் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு மெலிந்தது என்பதும் அதே செய்தியில் இருந்தது. அது கீழே. விஷ வால் மேலே.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சிகாகோவில் சாவித் துவாரத்தில் காகிதத்தைத் திணித்தார்கள், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். வால்நட்சத்திர மாத்திரை என்று ஒன்று விற்பனைக்கு வந்தது, வால்நட்சத்திரக் குடையும் வந்தது. முகமூடி வாங்கியவர்கள் உண்டு. நியூயார்க்கில் வேறு சிலர் மொட்டை மாடியில் விருந்து வைத்துக்கொண்டு வானத்தை வேடிக்கை பார்த்தார்கள். மே 18, 19 தேதிகளில் வாலோடு ஆன சந்திப்பு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாவித் துவாரத்தை அடைத்த மனிதரை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும், அவர்மேல் பிரியமும் வரும். பல கோடி கிலோமீட்டர் நீளமுள்ள வால் பூமியையே மூட வருகிறது என்று நம்புகிறார்; அது தன் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் சாவித் துவாரம் வழியாகத்தான் வர வேண்டும் என்றும் நம்புகிறார். உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள். பெரிய பயத்துக்கு எதிரே கையில் இருப்பது கொஞ்சம் காகிதம். அதை வைத்து முடிந்ததைச் செய்தார். அவருடைய பயத்தைவிட அந்த அக்கறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வால்நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பது நம் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அந்த மே மாதம் 6-ஆம் தேதி ஏழாம் எட்வர்டு இறந்துபோனார். நம் ஊர் ரூபாயிலேயே அவர் தலை இருந்தது. நம்பியவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்பட்டிருக்காது.

இதே ஹாலி வால்நட்சத்திரம் அதற்கு முன் வந்தது 1835-இல். அப்போது ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தொலைநோக்கியோடு முகாம் போட்டிருந்தார். அவர் பெயரை வைத்து நியூயார்க் சன் என்ற ஒரு சென்ட் பத்திரிகை அந்த ஆகஸ்டில் ஆறு பகுதிகளாக ஒரு கதை விட்டது. ஏழு டன் எடையுள்ள கண்ணாடி வில்லை வழியாக நிலவைப் பார்த்தாராம்; அங்கே ஒற்றைக் கொம்பு ஆடுகள், இரண்டு காலில் நடந்து குட்டிகளைக் கையில் தூக்கிப்போகும் பீவர் என்ற நீர்விலங்குகள், வௌவால் சிறகு முளைத்த மனிதர்களாம். முழுப் பொய். அதனால் இதை மற்றவற்றோடு சேர்த்து வைக்க எனக்கு மனமில்லை. சந்தேகத்தை வெட்டுவது வேறு, இல்லாததைக் கட்டுவது வேறு. ஆனாலும் அதன் விளைவாகச் சொல்லப்படும் ஒன்றை விட முடியவில்லை. நிலவு மனிதர்களுக்குச் சமயம் போதிக்கப் பாதிரிகளை அனுப்ப வேண்டும் என்று ஓர் ஊரில் பணம் திரட்டினார்கள் என்று, அந்தச் சமயம் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேய எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ எழுதி வைத்திருக்கிறார்.

உண்மையிலேயே நிலவுக்குப் போக வழி சொன்ன மனிதருக்குத் தலைப்புகள் என்ன செய்தன என்பதுதான் என்னை அதிகம் வருத்துவதும், கடைசியில் மகிழ வைப்பதும்.

ராபர்ட் காடார்ட் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் கிளார்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். மேல் வானத்துக் காற்றை அளக்க ராக்கெட் அனுப்பலாம் என்று 69 பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை வெளியிட்டது. கட்டுரையின் கடைசியில், போதிய வேகம் கிடைத்தால் ராக்கெட் நிலவுக்கே போகும், அங்கே மோதி வெளிச்சப் பொடி வெடித்தால் இங்கிருந்தே பார்க்கலாம் என்று கொஞ்சம் சேர்த்திருந்தார். 1920 ஜனவரி 12-இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது அந்தக் கடைசித் துண்டுதான்: ‘ராக்கெட் நிலவை எட்டும் என நம்புகிறார்’. என்னை அனுப்புங்கள் என்று ஆட்கள் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். காற்றை அளக்கப் போனவருக்குப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள்!

மறுநாள் அதே நாளிதழ் தலையங்கப் பக்கத்தில் அவரைக் கண்டித்தது. வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னே போகும், தள்ளுவதற்குக் காற்று வேண்டாமா, பள்ளிக்கூடங்களில் தினமும் சொல்லிக் கொடுக்கும் பாடம் கூட இவருக்குத் தெரியவில்லை என்று எழுதினார்கள். இதில் தவறு பத்திரிகைமேல்தான். ஊதிய பலூனின் வாயை விட்டுப் பாருங்கள். காற்று பின்னால் பாயும், பலூன் முன்னால் பாயும். வெளிக் காற்றைத் தள்ளிக்கொண்டு அது போகவில்லை. உள்ளிருந்து வெளியே போவதுதான் அதை எதிர்ப்பக்கம் உதைக்கிறது. துப்பாக்கி சுட்டால் தோளில் அடிப்பதும் அதே கதைதான். காடார்ட் இதை வாயால் மட்டும் சொல்லவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வெடித்துப் பார்த்து, உதை குறையவில்லை என்பதை அளந்து, அந்த 69 பக்கத்துக்குள்ளேயே எழுதியிருந்தார். தலையங்கம் எழுதியவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருந்தால் போதும்.

காடார்ட் பத்திரிகைகளிடமிருந்து ஒதுங்கிக்கொண்டார். 1926 மார்ச் 16-ஆம் தேதி ஆபர்னில் உறவுக்கார எஃபி அத்தையின் பண்ணையில், திரவ எரிபொருளில் ஓடும் உலகின் முதல் ராக்கெட்டை விட்டார். இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயரம் ஏறி, 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. முட்டைக்கோஸ் பாத்தி! நிலவுப் பயணத்தின் முதல் தரையிறக்கம் அங்கேதான் நடந்தது. எந்த நாளிதழும் மறுநாள் தலைப்புப் போடவில்லை.

1929 ஜூலை 17-ஆம் தேதி இன்னொரு ராக்கெட். இம்முறை காற்றழுத்தமானி, வெப்பமானி, சின்ன கேமரா மூன்றையும் வைத்து விட்டார். கருவிகளோடு மேலே போன முதல் ராக்கெட் இது. சத்தத்தைக் கேட்டு விமானம் விழுந்துவிட்டது என்று ஆட்கள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே நிருபர்களும். வூஸ்டர் நாளிதழில் வந்த தலைப்பு: ‘நிலா ராக்கெட் 2,38,799½ மைல் வித்தியாசத்தில் குறி தவறியது’.

அந்த அரை மைலை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலவின் தூரம் 2,38,800 மைல் என்று வைத்தால், தலைப்பின்படி ராக்கெட் அரை மைல் ஏறியிருக்க வேண்டும், அதாவது 2,640 அடி. ஏறியதோ சுமார் 90 அடி. கேலி செய்ய வந்த தலைப்பு ராக்கெட்டை முப்பது மடங்கு உயரத்துக்குத் தூக்கிவிட்டது.

இந்தப் பரபரப்புக்கு இரண்டு விளைவுகள் இருந்தன. அந்த வட்டாரத்தில் இனி ராக்கெட் விடக்கூடாது என்று தீயணைப்பு அதிகாரி தடை போட்டார். இன்னொரு பக்கம், ராக்கெட் பேச்சு விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் காதுக்கு எட்டியது. அவர் காடார்டை நேரில் போய்ப் பார்த்தார். பணக்கார குகன்ஹைம் குடும்பத்திடம் சொல்லி ஒரு லட்சம் டாலர் வாங்கிக் கொடுத்தார். 1930-இல் காடார்ட் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல் பக்கம் வெட்டவெளிக்குப் போய் நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தார். 1945-இல் இறந்தார். 1969 ஜூலை 16-ஆம் தேதி அப்போலோ 11 கிளம்பியது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் ஒரு திருத்தம் போட்டது: வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது உறுதியாகிவிட்டது, பிழைக்கு வருந்துகிறோம். அன்றைய தேதி ஜூலை 17. ‘குறி தவறியது’ என்ற அந்த ராக்கெட் பறந்து சரியாக 40 ஆண்டு. காடார்ட் அதைப் படித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

நம் நாட்டிலும் வானத்துத் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1962 பிப்ரவரி முதல் வாரத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்ந்தபோது, உலகம் அழியப் போகிறது என்று வட இந்தியாவெங்கும் யாகங்கள் நடந்தன, பயணங்கள் தள்ளிப்போயின. அந்த மாதமே பொதுத் தேர்தலும் நடந்து முடிந்தது.

ஆனால் எங்கள் தலைமுறை வீடுகளில் இன்னும் பேசுவது ஸ்கைலாப் கதைதான். 1973-இல் அமெரிக்கா மேலே அனுப்பிய விண்வெளி நிலையம் அது, 77 டன். சூரியனில் கொந்தளிப்பு அதிகமாகி மேல் வானத்துக் காற்று சூடாகி விரிந்தது. அந்தக் காற்று உரசி உரசி நிலையம் கீழே இறங்கத் தொடங்கியது. அதை மேலே தள்ளிவிடலாம் என்று நம்பியிருந்த விண்வெளி ஓடமோ தயாராகவில்லை. 1979-இல் விழும் என்பது உறுதியானது. எங்கே என்பதுதான் தெரியாது.

உலகத்தில் யாராவது ஒருவர்மேல் துண்டு விழுவதற்கு 152-இல் ஒரு வாய்ப்பு என்று நாசா சொன்னது. இதைத் தலைப்பில் போட்டால் வயிறு கலங்கும். ஆனால் அந்த ‘யாராவது ஒருவர்’ என்பது அப்போது பூமியில் இருந்த நானூறு கோடிக்கும் மேற்பட்டவர்களில் யாரோ ஒருவர். குறிப்பாக உங்கள் தலைமேல் விழ வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. இரண்டும் ஒரே கணக்கு. தலைப்பில் ஏறுவது 152.

சான்பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழ், 72 மணி நேரத்துக்குள் முதல் துண்டை அலுவலகத்துக்குக் கொண்டுவருபவருக்குப் 10,000 டாலர் என்று அறிவித்தது. அமெரிக்காவில் விழாது என்ற தைரியம்தான். ஜூலை 11-ஆம் தேதி மிச்சத் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் ஊர்ப் பக்கமும் விழுந்தன. அந்த ஊரில் ஸ்டான் தார்ன்டன் என்ற 17 வயதுப் பையன் வீட்டுக் கொட்டகைக் கூரையில் கருகிய சில்லுகளைப் பொறுக்கி, விமானம் ஏறி, நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து பணத்தை வாங்கிவிட்டான். எஸ்பரன்ஸ் ஊராட்சி, குப்பை கொட்டியதற்காக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. 2009-இல் கலிபோர்னியா வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார்.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் நடந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பவர் ‘ஸ்கைலாப் விழும்’ என்று படிப்பார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் ‘விழுமாம்’ என்பார்கள். அச்சில் விழுந்துபோன ‘ஆம்’ தெருவில் திரும்ப ஒட்டிக்கொண்டது. அப்பத்தா யோசித்தார். விழுமாம், விழாமலும் போகலாமாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆடிக்கு நேர்ந்து வைத்திருந்த சேவலைச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே அடித்துக் குழம்பு வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டார். புதன்கிழமை யாரும் காட்டு வேலைக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை ரேடியோவில் ஆகாசவாணிச் செய்தி. ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் விழுந்தது என்றார்கள். அப்பா ஓடிப்போய் அடுப்படியில் சொன்னார்: “விழுந்துருச்சு, ஆத்தா! ஆஸ்திரேலியாவுல விழுந்துருச்சாம்!” அப்பத்தா வெளியே வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் நிதானமாகச் சொன்னாராம்: “விழுந்துருச்சாம்.”